ஆளுக்கு ஆறு மார்க்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என் கையெழுத்து கோணல். எந்த இடத்தில் பெரிய ற, எந்த இடத்தில் சின்ன ர என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேசச் சொன்னால் இதைவிட மோசம். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

ஜவ்வாது மலையில் சாமையை உமி நீக்கி, கல் பிரித்து, மூட்டை போட்டுக் கீழே அனுப்பும் ஷெட் ஒன்றில் நான் சூப்பர்வைசர். பட்டணத்துக் கம்பெனி ஒன்று அதை நடத்துகிறது. எங்கள் சாமையில் பிஸ்கட் செய்து, நாங்கள் வாங்க முடியாத விலைக்கு விற்கிறவர்கள். என்னைச் சேர்க்காமல் பதினான்கு பேர் வேலை செய்தோம், பெரும்பாலும் பெண்கள். என்னை சூப்பர்வைசர் ஆக்கியதற்குத் திறமை காரணமில்லை. எழுதத் தெரிந்த சிலரில் எதிர்த்துப் பேசாதவன் நான் ஒருவன்தான்.

போன வருஷம் கம்பெனி எங்களுக்கென்று ஒரு எச்.ஆர். அதிகாரியை அனுப்பியது. செங்கத்திலிருந்து வந்த கார், வளைவு வளைவாக நின்று நின்று ஏறியது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் வாந்தி எடுத்தாராம். வெளுத்துப்போய் இறங்கியவர், தண்ணீர்கூடக் குடிக்காமல் எங்கள் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். யாருக்காக என்று தெரியாமல் தட்டினோம்.

"இனிமே நாம எல்லாரும் ஒரே ஃபேமிலி!" என்றார்.

அந்த ஷெட்டில் மாமியார், மருமகள், நாத்தனார், ஓரகத்தி என்று ஏற்கெனவே எல்லோரும் ஒரே குடும்பம்தான். அதனால்தான் பாதிப் பேர் பாதிப் பேரோடு பேசுவதில்லை.

"இவரு எந்த வழியில நமக்கு ஒறவு?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"பொண்ணு கிண்ணு கேட்டு வந்துகீறாரோ இன்னாவோ," என்றாள் இன்னொருத்தி.

பிறகு ஒற்றுமை வளர்க்க பலூன் விளையாட்டு நடந்தது. அறுபது மூட்டை சாமை வெளியே கிடக்க, நாங்கள் பலூனை முதுகால் தள்ளிக் கை மாற்றினோம். மழை வந்தது. மூட்டை நனைந்தது. ஒற்றுமை வளர்ந்ததாக அவர் போட்டோ எடுத்து மேலே அனுப்பினார். யார் எப்போது வேண்டுமானாலும் வந்து பேசலாம், என் கதவு திறந்தே இருக்கும் என்றும் சொன்னார். ஆனால் அறைக்கு ஏ.சி. போட்டதால் கதவைச் சாத்தியே வைக்க வேண்டியதாயிற்று.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாத விஷயம் ஒன்றும் வந்தது. பதினான்கு பேரில் ஆறு பேரை நிரந்தரம் ஆக்கப்போகிறார்கள் என்றார். அவர்களுக்கு பி.எஃப். உண்டு, ஈ.எஸ்.ஐ. கார்டு உண்டு. மீதிப் பேர் கூப்பிட்ட அன்றைக்கு வந்தால் போதும்.

கல் பிரிக்கும் மெஷினில் நிற்கும் அக்கா ஒருவர் உண்டு. எனக்குச் சொந்த அக்கா இல்லை, மூத்தவர் என்பதால் அக்கா. மெஷின் ஓடும் சத்தத்தை வைத்தே உள்ளே கல் போகிறதா, சாமை மட்டும் போகிறதா என்று சொல்லிவிடுவார். அவர் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. காலில் புண் ஆறாமல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. வேலூருக்குப் போய்வரும் செலவுக்கே ஆடுகள் போய்விட்டன. "அந்தக் கார்டு ஒண்ணு கெடைச்சா அந்தாளு காலு தப்பிச்சுக்கும்," என்று ஒரே ஒரு தரம் என்னிடம் சொன்னார். மறுபடி சொல்லவில்லை.

ஆறு பேரை எப்படிப் பொறுக்குவது? அதற்கு ஒரு ஃபாரம் வந்தது. ஒவ்வொருவரும் தன் வேலைக்குத் தானே பத்துக்கு எத்தனை மார்க் என்று போட வேண்டும். சூப்பர்வைசர் ஒரு பத்துக்குப் போட வேண்டும். இரண்டையும் கம்ப்யூட்டர் கூட்டிக்கொள்ளும்.

எங்கள் மலையில் ஒரு பழக்கம். கதிர் முற்றித் தலைசாய்ந்து நிற்கிற கொல்லைக்குச் சொந்தக்காரனிடம் போய், விளைச்சல் எப்படி என்று கேட்டால், "ஏதோ கீது" என்பான். நன்றாக விளைந்திருக்கிறது என்று அவன் வாயால் சொல்ல மாட்டான். சொன்னால் கண் பட்டுவிடும், அடுத்த நாளே பன்றி இறங்கிவிடும். தன் கொல்லை, தன் மாடு, தன் கை வேலை எதையும் தானே மெச்சுவது கிடையாது. இது தெரிந்தும் நான்தான் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் ஃபாரம் எழுதினேன்.

"அக்கா, உனக்கு எத்தினி போடட்டும்?"

"ஒண்ணு போடு."

"ஒண்ணா? இன்னாக்கா இது!"

"அப்பொ நான் இன்னா, பத்துன்னு பீத்திக்கட்டுமா? போடுடா ஒண்ணு."

போட்டேன். மற்றப் பெண்கள் இரண்டு, இரண்டு என்றார்கள். திருப்பூரில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்த என் கொழுந்தியாள், என் மனைவியின் தங்கை, விவரம் தெரிந்தவள். துணிந்து ஐந்து போட்டுக்கொண்டாள். மூட்டை தூக்க வேண்டியவனும், மூட்டை மேல் படுத்துத் தூங்குபவனுமான லோடுமேன் மட்டும் பத்து என்றான்.

"டேய், மனசறிஞ்சு சொல்றியா?"

"எதுக்கு மார்க்குன்னு அவரு சொல்லலியே மாமா. தூங்கறதுக்குன்னா பத்து கொறைச்சல்."

மீதி நாலு ஆம்பிளைகளும் அவனைப் பார்த்து எட்டு, ஒன்பது என்று போட்டுக்கொண்டார்கள். ஆம்பிளைகளுக்கு அந்தப் பழக்கம் கொல்லையோடு சரி போலிருக்கிறது.

பிறகு என் பங்கு. ஒருத்திக்கு ஏழும் இன்னொருத்திக்கு ஐந்தும் போட்டால், நான் எந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிப்பது? எல்லோருக்கும் ஆறு போட்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, யாரையும் நோகடிக்கவில்லை என்று.

கம்ப்யூட்டர் கூட்டியது. முதல் இடம் லோடுமேனுக்கு. அடுத்த நாலு இடம் அந்த நாலு பேருக்கு. ஆறாவது என் கொழுந்தியாள். கடைசி இடம் அக்காவுக்கு.

கடைசி இடத்துக்கு ஒரு கடிதமும் வந்தது. வேலையில் முன்னேற்றம் தேவை, மூன்று மாதப் பயிற்சி, பயிற்சி கொடுப்பவர் இந்த வருஷத்தின் சிறந்த ஊழியர். அதாவது லோடுமேன். அவன் மெஷின் பக்கத்தில் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அத்தை, நான் உனக்கு இன்னா கத்துக் குடுக்கணும்னு நீயே கொஞ்சம் சொல்லிக் குடு அத்தை."

"எட்ட நில்லு. பெல்ட்டுல லுங்கி மாட்டிக்கப்போவுது," என்றார் அக்கா. அன்றைய பயிற்சி அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து ஏ.சி. அறைக் கதவைத் தட்டினேன். தட்டும் முன் மூன்று தடவை திரும்பி வந்தேன். பழக்கத்தை விளக்கிச் சொன்னேன். அதிகாரி சிரித்தார்.

"நான் என்ன செய்ய முடியும்? அவங்களே ஒண்ணுன்னு போட்டிருக்காங்க. சரி, வரச் சொல்லுங்க. தன்னைப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசட்டும். மார்க்கை மாத்திடலாம்."

அக்காவைக் கூட்டிவந்தேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு ஒரு ஓரமாக நின்றார்.

"உங்க பலம் என்ன, சொல்லுங்கம்மா?"

"பலமா? இன்னா பலம் சார், முட்டி வலி."

"இல்லம்மா. வேலையில நீங்க எதுல பெஸ்ட்?"

"ஏதோ வர்றேன், நிக்கறேன், போறேன்."

"மெஷினை நல்லா ஓட்டுவீங்களா, மாட்டீங்களா?"

"மெஷினு ஓடுது சார். நான் சும்மா பக்கத்துல நிக்கறேன்."

அதிகாரி என்னைப் பார்த்துக் கையை விரித்தார். புருஷன் கால் போனாலும் சரி, தன்னைத் தானே மெச்சிக்கொள்ள அந்த வாய் திறக்காது என்று எனக்குப் புரிந்தது. திறக்க வேண்டிய வாய் என்னுடையது. அதுவும் திறக்கவில்லை. அக்கா போன பிறகு ஒன்று மட்டும் கேட்டேன்.

"சார், நான் போட்ட மார்க்குத் தாளைத் திருப்பித் தாங்க. தப்பாப் போட்டுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும் சார்."

"அஞ்சு மணிக்கு லிஸ்ட் மேல போயிடும். சீக்கிரம்," என்றார்.

உமி மூட்டை மேல் உட்கார்ந்து எழுதினேன். அக்காவுக்குப் பத்து. புடைக்கும் பெண்களுக்கு ஆறு, ஏழு, எட்டு என்று உள்ளபடி. லோடுமேனுக்கு இரண்டு, மீதி நாலு ஆம்பிளைகளுக்கு நாலு, ஐந்து. கொழுந்தியாளின் பெயர் வந்தபோது வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். சல்லடை ஒரு கையில், போன் ஒரு கையில் என்று வேலை செய்பவள். அவள் சரியாகச் சலிக்காமல் அனுப்பிய நொய்யை அக்கா திருப்பிப் போட்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நாலு போட்டேன்.

அக்கா பதினொன்று, கொழுந்தியாள் ஒன்பது. ஆறாவது இடம் கை மாறியது. லோடுமேன் தனக்குத் தானே போட்ட பத்தோடு பன்னிரண்டு வாங்கி இன்றைக்கும் நிரந்தரமாகத் தூங்குகிறான். என்னால் முடிந்த நியாயம் ஒரு இடத்துக்குத்தான்.

மார்க் எல்லாவற்றையும் அதிகாரி சுவரில் ஒட்டிவிட்டார், ஒளிவுமறைவில்லாத நிர்வாகமாம். கொழுந்தியாள் நேராக என்னிடம் வந்தாள்.

"போன் பாக்கறேன்னா மாமா நாலு போட்டே? உன் வூட்டுக்காரிக்குப் போட்டுப் பாரு, ஒண்ணு தேறுதான்னு!"

வீட்டுக்காரி அதையும் என் கணக்கிலேயே எழுதினாள். அக்காவாவது சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"ஊரு கண்ணு முச்சூடும் இப்ப என் மேலதான். போட்டதுதான் போட்டே, ஒம்போதா போட்டா கொறைஞ்சா போயிடுவே?" என்று மிளகாயும் உப்பும் சுற்றிப் போட வீட்டுக்குப் போனார்.

கார்டு வந்தது. வேலூரில் அவர் வீட்டுக்காரருக்கு இரண்டு விரலை எடுத்தார்கள், கால் தப்பியது. அதிகாரி இங்கே செய்த சாதனைகளைக் காட்டி வேறு கம்பெனிக்குப் பெரிய வேலைக்குப் போய்விட்டார். கொழுந்தியாள் மறுபடி திருப்பூர் பஸ் ஏறினாள். பிள்ளையை எங்களிடம் விடுவாள் என்று பார்த்தோம். கணியம்பாடியில் நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். திருவிழாவுக்கு வந்தபோது தன் அக்காளை, என் வீட்டுக்காரியை மட்டும் தெருவுக்கு அழைத்துப் பேசிவிட்டுப் போனாள். நான் உள்ளேதான் இருந்தேன். வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் போட்ட நாலு சரிதான். ஆனால் அவளுக்கும் அந்த வேலை வேண்டியிருந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது என்பதால் எழுதிவைக்கிறேன்.

ஆவணி பத்து, ஞாயிற்றுக்கிழமை.