தேசிங்குக்கு எத்தனை அக்கா?

பிரிட்டனோடு நாம் கையெழுத்திட்ட வணிக ஒப்பந்தத்தில் தொழிலாளர்களுக்கென ஓர் அத்தியாயம் இருக்கிறது. சரக்கு விற்பதற்காகத் தொழிலாளர் சட்டத்தைத் தளர்த்தக் கூடாது என்பது அதன் சாரம். அந்த வரி மாமல்லபுரத்துக் கல் பட்டறை வரை வந்து சேருமா? பார்த்துவிடலாம் என்று தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினேன்.

செங்கல்பட்டிலிருந்து காலை எட்டு மணிக்குத் திருக்கழுக்குன்றம் வழிப் பேருந்து. சுமார் முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். இடப்பக்கம் உட்காருங்கள், வெயில் படாது. இறங்கியதும் ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

"தேசிங்கு பட்டறையா? இன்னிக்கு அங்க செக்கிங்கு. குந்து சார்" என்றார் ஓட்டுநர்.

தேசிங்கு தோட்டச் சிலைகள் செய்து லண்டனுக்கு அனுப்புகிறவர். ஒப்பந்தம் வந்த பிறகு, பட்டறையில் குழந்தைகள் வேலை செய்கிறார்களா என்று பார்க்க வாங்கும் நிறுவனம் அனுப்பிய ஆய்வாளர், சென்னைப் பெண்மணி, எனக்கு முன்பே வந்திருந்தார். கல்தூசுக்கு நடுவே நான்கு சிறுமிகள் சிலைகளை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாம் எங்க அக்கா பசங்க மேடம். ஸ்கூல் வுட்டு வந்து சும்மா ஒத்தாச" என்றார் தேசிங்கு. அப்போது மணி பத்து.

பதினான்கு வயது நிரம்பாதவர்கள் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவச் சட்டம் இடம் தருகிறது. தாய்மாமன் தொழிலும் அதில் சேரும். கல்தூசு பறக்கும் இதுபோன்ற ஆபத்தான வேலைக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. ஆனாலும் சோதனைக்கு ஆள் வந்தால், பட்டறைப் பிள்ளைகள் அத்தனை பேரும் முதலாளிக்கு அக்கா பிள்ளைகள் ஆகிவிடுவார்கள்.

"உங்களுக்கு எத்தனை அக்கா?" என்று கேட்டார் ஆய்வாளர்.

"நாலு."

மூலையில் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த கன்னியம்மா எழுந்தார். தேசிங்கின் ஒரே அக்கா. நால்வரில் ஒருத்தியான பவானி இவருடைய மகள். ஏழாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள்.

"இன்னாடா நாலு? அம்மா ஒன்னியும் என்னியும்தானே பெத்துச்சு? மீதி மூணு அக்கா எந்த வூட்ல கீறாங்கோ?"

பட்டறையே சிரித்தது.

"வாய மூடுக்கா, ஆர்டர் பூடும்!"

"போவட்டும். பவானிய இஸ்கூலுக்கு அனுப்புன்னு எத்தினி நாளா சொல்லிகினு கீறேன், கேட்டியா? மேடம், எம் பொண்ணு நாளைலேர்ந்து இங்க வரமாட்டா. எழுதிக்கோ."

ஆய்வாளர் தேசிங்கைப் பார்த்தார். "ஆர்டரை நிறுத்த நான் வரலைங்க. நாலு பேரும் பள்ளிக்கூடம் போகணும். அந்த வேலைக்குப் பெரியவங்களை வைங்க. அடுத்த மாசம் வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா ஆர்டர் கிடையாது."

மாசியில் மறுபடி போனேன். நான்கு இடத்திலும் முகமூடி கட்டிய பெரியவர்கள். ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. "இப்ப எனக்கு ஒரே அக்காதான் அண்ணாத்த, அதுவே தாங்கல" என்றார் தேசிங்கு.

ஒப்பந்தம் புதிதாக ஒரு சட்டத்தையும் இங்கே கொண்டுவரவில்லை. ஏற்கெனவே இருந்த சட்டத்தைப் பற்றி, கடலுக்கு அப்பால் இருக்கும் வாடிக்கையாளரை ஆள் அனுப்பிக் கேட்கவைத்தது. கன்னியம்மாவின் பேச்சு எடுபட அது போதுமானதாக இருந்தது.

நீங்களும் சிலை வாங்கப் போவீர்கள். காலை பத்து மணிக்குப் போங்கள். யார் தேய்க்கிறார்கள் என்று பார்த்து வாங்குங்கள். திரும்ப நாலரை மணிப் பேருந்து மட்டும் வேண்டாம். பள்ளி விடும் நேரம், உட்கார இடம் கிடைக்காது. நான் திருக்கழுக்குன்றம் வரை நின்றுகொண்டுதான் வந்தேன். ஜன்னலோரத்தில், மடியில் புத்தகப் பையோடு, பவானி உட்கார்ந்திருந்தாள்.