அண்ணாவின் முன்சில்லு

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அண்ணா ஆஸ்திரேலியாவுக்கென்று வள்ளம் ஏறினார். எங்கள் ஊர் பேசாலையிலிருந்து போன மற்றவர்கள் வீட்டுக்குக் கதைத்தார்கள். அண்ணா கதைக்கவில்லை. "அங்க முகாமில போன் குடுக்கமாட்டினம்" என்று அம்மா சொன்னார். நான் நம்பினேன். இரண்டு வருடமாகியும் நம்பினேன்.

அவருடைய சைக்கிள் குசினிச் சுவரில் சாத்தியிருந்தது. உப்புக்காற்றில் கறள் பிடிக்காமல் அம்மா சனிக்கிழமைதோறும் அதைத் துடைத்து எண்ணெய் விடுவார். ஆனால் ஓட விடமாட்டார். போவதற்கு முதல் வாரம் அண்ணா அதை மதகில் மோதியதில் முன்சில்லு நெளிந்திருந்தது. உருட்டினால் இடமும் வலமும் ஆடி, பிரேக் கட்டையில் உரசும். சில்லு நேரானால் சைக்கிள் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சைக்கிள் கடைக்காரர் இந்த வேலையைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். கதைத்துக்கொண்டே செய்வார். அவரிடம் கம்பி முறுக்கும் சாவியை இரவல் வாங்கி, அம்மா கருவாட்டு வாடிக்கு வேலைக்குப் போனதும் சைக்கிளைக் கவிழ்த்து வைத்தேன். எந்தப் பக்கம் உரசியதோ அந்தப் பக்கத்துக் கம்பிகளை இறுக்கினேன். சில்லு இன்னும் அந்தப் பக்கமே சாய்ந்தது. கோபத்தில் மேலும் முறுக்கினேன். அதன்பிறகு சில்லு சுற்றவே மறுத்தது. பயத்தில் அழுதேன்.

மறுநாள்தான் பிடிபட்டது. வலப்பக்கம் உரசினால் வலப்பக்கக் கம்பியைத் தளர்த்தி, இடப்பக்கத்தை இறுக்க வேண்டும். அதுவும் கால் சுற்றுக்கு மேல் கூடாது. மூன்றாம் நாள் பின்னேரம் சில்லு சத்தமில்லாமல் சுழன்றது. வாடியால் வந்த அம்மாவைக் கையில் பிடித்து இழுத்து வந்தேன்.

"பாருங்கோ அம்மா, இப்ப ஆடேல்ல."

அம்மா சில்லு நிற்கும்வரை பார்த்தார்.

"ஆர் உன்னை இதில கை வைக்கச் சொன்னது? தான் வந்து நிமித்துறன் எண்டு சொல்லிப்போட்டெல்லோ அவன் போனவன்."

"அண்ணாவுக்கு வேலை மிச்சம்தானே?"

அம்மா உள்ளே போனார். இரவு சாப்பிடவும் இல்லை. மூன்று நாள் பாடுபட்டதற்கு ஒரு நல்ல வார்த்தை இல்லையே என்று நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தேன்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா வேலைக்குப் போயிருக்கவில்லை. முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்துவிட்டுக் குந்தியிருந்தார். கையில் அந்தச் சாவி. ஒவ்வொரு கம்பியாகத் திருகி, சில்லைச் சுழற்றிப் பார்த்தார். அது ஆடத் தொடங்கியிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. "அம்மா, நீங்கள் மாறித் திருப்புறீங்கள். அப்பிடித் திருப்பினா திரும்பவும் நெளிஞ்சுபோடும்."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்கள் சிவந்திருந்தன. முற்றத்துப் புழுதி என்று நினைத்தேன்.

"ஓமோ?" என்றார். சாவியை என்னிடம் தந்தார்.

நான் பக்கத்தில் குந்தி, அவர் திருகியதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். எந்தக் கம்பியை இறுக்குவது, எதைத் தளர்த்துவது என்று அம்மாவுக்குப் பொறுமையாகச் சொல்லியும் கொடுத்தேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா தவறுதலாக மாறித் திருப்பவில்லை என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.