மைக் கொடுத்தவள் கேட்ட ஐரிஷ் வாழ்த்துகள்

விருந்து மண்டப வேலையில் சமையல்காரருக்குக் கை சுடும், பரிமாறுகிறவருக்குக் கால் வீங்கும். மைக் எடுத்துக் கொடுக்கிறவளுக்கு மட்டும், அதை வாங்குகிறவரின் நடுக்கம் வந்து கையில் ஒட்டிக்கொள்ளும்.

நான் வேலை பார்த்த மண்டபம் லிவர்மோரில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. கணவர் மில்பிடாஸில் என்ஜினியர். கிரீன் கார்டு வந்ததும், வீட்டில் உட்கார்ந்து மலையைப் பார்த்தது போதும் என்று இந்த வேலையில் சேர்ந்தேன். சேர்ந்த பிறகும் மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடையில் அந்தக் குன்றுகள் வறுத்த ரவை நிறத்தில் கிடக்கும். சாயங்காலம் கடல் பக்கமிருந்து காற்று கிளம்பினால் தூரத்துக் காற்றாலைகள் ஒவ்வொன்றாகத் தூக்கம் கலைந்து சுற்ற ஆரம்பிக்கும். அதைப் பார்த்துக்கொண்டே நாற்காலி போட்டால், எந்த வரிசை வரைக்கும் போட்டோம் என்பது மறந்துபோகும்.

எங்களிடம் ஐரிஷ் குடும்பத்துக் கல்யாண விருந்துகள் நிறைய வரும். விருந்துக்கு நடுவில் ஒருவர் எழுந்து, கிளாஸைத் தூக்கிப் பிடித்து நாலு வரி வாழ்த்துவார். அதற்கு டோஸ்ட் என்று பெயர். வெறும் வாழ்த்தாக இருந்தால் ஐரிஷ்காரர்களுக்குப் போதாது. உள்ளே ஒரு குறும்பு இருக்க வேண்டும். இதில் எனக்கு வழிகாட்டி, எங்கள் பாரைப் பார்த்துக்கொண்ட பிரெண்டன். அயர்லாந்தில் கார்க் பக்கத்துக்காரன், என் வயசுதான். "நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று யாராவது சொன்னால் பின்வாசலைத் தேடுகிற ஆளா நீங்கள்? அப்படியென்றால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நானும் உங்கள் கட்சிதான்.

முந்திச் சிரித்த மாமா

சேர்ந்த புதிதில் ஒரு கல்யாணம். பெண்ணின் தாய்மாமாதான் டோஸ்ட் சொல்ல வேண்டியவர். காரிடாரில் என்னை நிறுத்தி ஒத்திகை பார்த்தார். "உங்கள் கூரை ஒழுகாமல் இருக்கட்டும். ஒழுகினால், மாமியார் படுத்திருக்கிற பக்கமாக ஒழுகட்டும்!" எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தச் சிரிப்பை நம்பித்தான் மனிதர் மேடையேறினார்.

"உங்கள் கூரை..." என்றார். அடுத்து வரப்போகும் மாமியார் ஞாபகம் வந்துவிட்டது. குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். மறுபடியும் "கூரை..." என்று ஆரம்பித்து, கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். கூரையைத் தாண்டி அவரால் போக முடியவில்லை. வந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து நிஜக் கூரையைப் பார்த்தார்கள். கடைசியில் முன்வரிசையில் இருந்த மாப்பிள்ளையின் அம்மாவே எழுந்து, "கவலைப்படாதே, நான் ஹோட்டலில் தங்கிக்கொள்கிறேன்" என்றார். காரிடாரில் நடந்த ஒத்திகையை அவரும் கேட்டிருக்கிறார். அன்றைக்கு மண்டபம் அதிரச் சிரித்தது அவருக்காகத்தான்.

மாமா சோர்ந்துபோய் பாருக்கு வந்தார். அவர் கிளாஸை நிரப்பிக்கொண்டே பிரெண்டன் சொன்னான்: "அந்தச் சிரிப்பு விருந்தாளிக்கு வைத்த சாப்பாடு, சார். பரிமாறுகிறவரே தின்றுவிடக் கூடாது."

ஈரோட்டுக் கெல்லி

என் பெயர் கலைச்செல்வி. பிரெண்டன் வாயில் அது நுழையவில்லை. 'கலை' 'கெல்லி' ஆகிவிட்டது. பெயர் அட்டையிலும் அப்படியே அடித்து மாட்டிவிட்டார்கள். கெல்லி என்பது அசல் ஐரிஷ் பெயர் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஓர் ஐம்பதாவது திருமண நாள் விருந்து. நீல உடுப்பில், வெள்ளிக் கம்பி போன்ற தலைமுடியோடு இருந்த கொண்டாட்ட நாயகி என் அட்டையைப் படித்தார். பார்வை அவ்வளவு தெளிவில்லை போலிருக்கிறது. "கெல்லியா! எந்தக் கவுண்டி, கண்ணே?" என்று கேட்டார். அயர்லாந்தில் மாவட்டத்துக்குக் கவுண்டி என்று பெயர். "ஈரோடு" என்றேன். "மேற்குப் பக்கமா?" மெட்ராஸிலிருந்து பார்த்தால் மேற்குதானே? "ஆமாம்" என்றேன். அவ்வளவுதான். ஒரு கெல்லி இங்கே இருக்கும்போது வேறு யார் டோஸ்ட் சொல்வது என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பிரெண்டனைத் திரும்பிப் பார்த்தேன். கிளாஸில் ஆப்பிள் ஜூஸை ஊற்றி என் கையில் திணித்து, "ஒரே ஒரு முகத்தைப் பார். மற்றவர்களை மரம் என்று நினைத்துக்கொள்" என்றான்.

அந்தப் பாட்டியின் முகத்தையே பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே குன்றெல்லாம் மஞ்சளாகி, வெளிச்சம் கடைசிச் சொட்டு வரைக்கும் அவர் முடியில் வந்து தங்கியிருந்தது. யார் வீட்டிலோ யாரையோ வாழ்த்த நான் நிற்கிறேன் என்பதே கனவு மாதிரி இருந்தது. வாய் தானாகப் பேசியது. "உங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் நிறைய வரட்டும். வந்தவர்கள்..." என்று நிறுத்தி, "...நேரத்தோடு கிளம்பட்டும்!" என்றேன். என் மாமியார் வீட்டில் பல வருஷம் நான் மனசுக்குள் செய்த பிரார்த்தனை அது. மண்டபமே மேஜையைத் தட்டியது. பாட்டி என்னைக் கட்டிக்கொண்டு தன் கணவரிடம் சொன்னார்: "நான்தான் சொன்னேனே, மேற்குப் பக்கத்துக்காரர்களுக்கு நாக்கில் கொஞ்சம் உப்பு கூடத்தான்."

நின்ற வார்த்தை

இன்னொரு கல்யாணத்தில் டேனியல் என்று ஒருவர், மாப்பிள்ளையின் தம்பி. பள்ளிக்கூட வாத்தியார். அவருக்கு வார்த்தை திக்கும். வழக்கப்படி அவர்தான் டோஸ்ட் சொல்ல வேண்டும். விருந்து ஆரம்பிக்கும் முன்னால் பாரில் வந்து நின்று, "எ... எனக்குப் பதிலா நீங்களே சொல்லிடுங்க" என்று என்னிடம் கெஞ்சினார். அண்ணன் இவரை விட்டு வேறு யாரையும் கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அந்தப் பிரியம்தான் பெரிய பாரமாகிவிட்டது.

பிரெண்டன் அவர் சொல்லப்போவதை இரண்டு முறை கேட்டான். "கடைசி வார்த்தைக்கு முன்னால் நல்ல டோஸ்ட் எல்லாமே ஒரு தடவை நிற்கும். உங்களுக்கு எப்படியும் நிற்கப்போகிறது. அங்கேயே நில்லுங்கள். வேகமாகத் தாண்டப் பார்க்காதீர்கள்" என்றான். நான் மைக் கொடுத்தபோது அவர் விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"என் அண்ணன் வாழ்க்கையில் ஒரு தடவைகூடத் தப்பான முடிவு எடுத்ததே இல்லை" என்று தட்டுத் தடுமாறிச் சொல்லிவிட்டார். "ஏனென்றால், முடிவையெல்லாம் எடுத்தது..." நின்றது. வார்த்தை வரவில்லை. அவருடைய அம்மா மடியில் இருந்த நாப்கினை முறுக்குகிறார். தோட்டத்தில் காற்று வீசுவதுகூடக் கேட்டது. டேனியல் கிளாஸை இறக்கவில்லை, அண்ணனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த அமைதி நீண்டு நீண்டு, ஒரு கட்டத்தில் எல்லாருக்கும் அது பிடித்துப்போய்விட்டது. உதட்டில் சிரிப்போடு காத்திருந்தார்கள். "...எங்க அம்மா!" என்று வந்து விழுந்தது. தகரக் கொட்டகையில் மழை இறங்கின மாதிரி ஒரு சிரிப்பு. அவர் அம்மா நாப்கினால் முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு மேடை நாடகங்களில் நடிப்பவர் என்று சொல்லிக்கொண்ட ஒரு விருந்தாளி டேனியலைத் தேடி வந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "இப்படி நிறுத்துவதை எங்கே கற்றுக்கொண்டீர்கள்?"

காலி மண்டபத்தில் ஒரு டோஸ்ட்

மழைக்காலம் முடிந்து குன்றெல்லாம் பச்சையாகியிருந்த ஒரு மத்தியானம். அன்றைக்கு விருந்து எதுவும் இல்லை. பிரெண்டன் ஒரே கிளாஸைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கார்க்கிலிருந்து காலையில் போன் வந்ததாம். அவன் அம்மா இறந்துவிட்டார்.

அவனால் போக முடியாது. இங்கே தங்குவதற்கான பேப்பர் இன்னும் வரவில்லை. நாட்டை விட்டுப் போனால் திரும்பி உள்ளே வர முடியாது. இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊரிலிருந்து அப்படி ஒரு போன் வந்துவிடக் கூடாதே என்று பயந்தபடி கிரீன் கார்டுக்குக் காத்திருந்தவர்கள்தானே நாம். "இந்நேரம் வீட்டில் எல்லாரும் கூடியிருப்பார்கள். அண்ணன் கிளாஸைத் தூக்கியிருப்பான். நானும் சொல்லணும், கெல்லி. கேட்க ஒரு ஆள் வேணும்" என்றான்.

ஜூஸ் கிளாஸோடு எதிரில் நின்றேன். காலி நாற்காலிகள் மேல் வெயில் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. நான் பார்த்து அவன் டோஸ்ட் சொன்னதே கிடையாது. மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதோடு சரி. "எங்க அம்மாவுக்கு" என்றான். "துடைத்த தரையில் யார் செருப்போடு வந்தாலும் விடமாட்டாள். சொர்க்கத்தை இந்நேரம் துடைத்து முடித்திருப்பாள். இனிமேல் கடவுளும்..." நிறுத்தினான். அது வித்தையா, துக்கமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. "...செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரணும்."

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில் சிரித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் சிரித்துவிட்டேன். சிரித்த வாயோடு அழுகையும் வந்துவிட்டது. சங்கடத்தோடு மன்னிப்புக் கேட்டேன். அவன் கிளாஸை என் கிளாஸில் மெல்லத் தொட்டு, "மன்னிப்பு எதுக்கு? யாராவது சிரிக்காமல் எங்கள் ஊரில் அம்மாவை எடுக்கமாட்டார்கள்" என்றான்.

சம்பந்திக்கு ஒரு வார்த்தை

லிவர்மோர் கோவிலில் பழக்கமானவர் காங்கேயம் சென்னியப்பன் அண்ணன். அவர் பெண் கவிதா, ஷான் என்கிற ஐரிஷ் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். அண்ணன் சம்மதித்துவிட்டார், ஆனால் அதோடு அவர் பேச்சு நின்றுபோயிற்று. மாப்பிள்ளை வீட்டாரிடம் 'ஹலோ'வைத் தாண்டி ஒரு வார்த்தை பேசியதில்லை. "அப்பா ஜஸ்ட் ஸ்டேர்ஸ் அட் தெம், ஆன்ட்டி" என்று, அவர் வெறித்துப் பார்ப்பதைச் சொல்லிக் கவிதா என்னிடம் கண் கலங்கினாள்.

விருந்து எங்கள் மண்டபத்தில். பெண்ணின் அப்பா டோஸ்ட் சொல்வது அவர்கள் முறை. விருந்துக்கு முந்தின வாரமே அண்ணன் வந்துவிட்டார்.

"அம்மணி, கிளாஸைத் தூக்கிட்டு என்னால நிக்க முடியாதுங்க."

"ஆப்பிள் ஜூஸ்தானுங்ணா."

"அதும் பாக்கறதுக்கு அப்படித்தானுங்க இருக்கும்." தோட்டத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். கொடியெல்லாம் சிவக்க ஆரம்பித்திருந்தது. "அதில்லீங்க. தமாஷாப் பேசோணும்ங்கறாங்க. எனக்குச் சிரிப்பே வரலீங்களே அம்மணி."

"நீங்க சிரிக்க வேண்டாம்ங்ணா. சொல்றவர் சிரிக்கவே கூடாது. ஒருத்தரைப் பார்த்துச் சொல்லுங்க. தமிழ்லயே சொல்லுங்க."

அன்று மைக்கை வாங்கியவர் மகளைப் பார்க்கவில்லை. நேராக மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்தார். அவர் குழாய் வேலை பார்க்கிறவர். பெரிய ஆகிருதி, சிவந்த முகம். "சம்பந்தி, எம்புள்ளைக்குச் சமைக்கத் தெரியாதுங்க. உங்க பையனுக்கும் தெரியாதுன்னாங்க. பசிச்சா ஒரு நாள் உங்க வூட்டுக்கு வரட்டும், ஒரு நாள் எங்க வூட்டுக்கு வரட்டும். சண்டை போட்டாங்கன்னா..." நிறுத்தினார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாக நின்றார். "...ரெண்டு வூட்டுக்கும் வரக் கூடாது!"

நம்மவர்கள் மேஜைகள் சிரிப்பில் வெடித்தன. மறுபாதி மண்டபம் விழித்தது. அப்பா தமிழில் கேட்டால் எப்போதும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற கவிதா எழுந்து, குரல் உடைய உடைய ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னாள். 'சம்பந்தி' என்ற வார்த்தைக்கு மட்டும் அவளுக்கு ஆங்கிலம் கிடைக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டாள். கடைசி வரி வந்ததும் மறுபாதியும் வெடித்தது. மாப்பிள்ளையின் அப்பா மண்டபத்தைக் குறுக்காகக் கடந்து வந்து, சென்னியப்பன் அண்ணனின் தோளில் கை போட்டார். "சாம்பாண்டி, அவர்கள் வருகிற நாளெல்லாம் நீங்களும் வந்துவிடுங்கள், எங்கள் வீட்டில் யாருக்குமே சமைக்கத் தெரியாது" என்றார்.

ஆகவே என் சக பயந்தாங்கொள்ளிகளே, உங்கள் முறை வரும்போது முழங்கால் ஆடினால் ஆடட்டும், மேஜைத் துணியைத் தரை வரைக்கும் தொங்கவிடுவது அதற்காகத்தான்.