நன்றியுரை அபூதாஹிர்

கிண்ணியாவில் ஒரு கூட்டம் முடிந்துவிட்டது என்பதற்கு அடையாளம், அபூதாஹிர் எழுந்து நிற்பது. அதற்கு முன் யார் என்ன பேசினாலும் கூட்டம் முடியாது. அதற்குப் பின் யார் பேச வந்தாலும் கேட்க ஆள் இருக்காது.

கடைத்தெருவில் வலை, நூல், மிதப்பு, ஈயம் விற்கும் சிறிய கடை அவருடையது. கடையை நடத்துவது மனைவி றுக்கியா. அபூதாஹிர் ஊரை நடத்துவதாகச் சொல்லலாம் என்று பார்த்தால், அதையும் அவர் நடத்தவில்லை. மீனவர் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், மரண உதவிச் சங்கம் என்று எதற்கும் அவர் தலைவராக இருந்ததில்லை. எல்லாவற்றிலும் நன்றியுரை மட்டும் அவருக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. தலைவர்கள் மாறினார்கள், ஒருவரையொருவர் நீதிமன்றத்துக்கும் இழுத்தார்கள். நன்றியுரை மாறவில்லை.

அவருடைய நன்றியில் யாரும் விடுபடுவதில்லை. பந்தல் போட்டவர், கதிரை இறக்கியவர், ஒலிபெருக்கிக்காரர், மின்சாரம் நின்றால் மெழுகுதிரி தேடிப் போனவர், பெய்யாமல் பொறுத்த மழை. பாலம் திறந்த நாளில் நடந்த கூட்டத்தில், கட்டியவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டு, அத்தனை காலம் சனத்தை ஏற்றி இறக்கி அன்றோடு வேலை இழந்த படகுக்காரர்களுக்கும் நன்றி சொன்னார். அவர்கள் பின்வரிசையில் இருந்தார்கள். அவர்களுக்கு அன்று கிடைத்தது அதுதான். இன்னொரு முறை, ஓர் அனுதாபக் கூட்டத்தில், "இந்த வாய்ப்பை எங்களுக்கு ஏற்படுத்தித் தந்த" மரணித்தவரின் குடும்பத்தாருக்கு நன்றி சொன்னார். குடும்பத்தார் கோபிக்கவில்லை. அபூதாஹிரோடு கோபிப்பதற்கு ஊரில் எவரும் பழகியிருக்கவில்லை.

அப்படிப்பட்டவரை ஒரு காரியத்துக்குத் தெரிவு செய்தது ஸப்வானின் தவறா, வேறு வழியின்மையா என்று இப்போதும் கடைத்தெருவில் கதை நடக்கிறது.

ஸப்வான் கரைவலைச் சம்மாட்டி. வலையும் தோணியும் அவருடையவை. இழுப்பதற்கு ஊரில் பாதி அவரோடு நிற்கும். தோணி வலையைக் கடலில் அரைவட்டமாக விட்டுவர, இரண்டு பக்கமும் ஆட்கள் கரையில் நின்று கயிற்றை இழுத்து ஏற்றுவார்கள். இதற்குக் கல்லும் கட்டையும் இல்லாத நீண்ட மணற்கரை வேண்டும். அதைப் பாடு என்பார்கள். ஊரின் பாட்டைக் கொழும்புக் கம்பனி ஒன்று சுற்றுலா விடுதிக்குக் கேட்டிருந்தது. கடலை அவர்கள் கேட்கவில்லை. கடல் எல்லாருக்கும் பொது என்று விண்ணப்பத்திலேயே பெருந்தன்மையாக எழுதியிருந்தார்கள்.

அனுமதி கொடுக்கும் முன் சமூகத்தின் கருத்தைக் கேட்கவேண்டும் என்று சட்டம். தனியாக ஒரு கூட்டம் வைப்பது வீண்செலவு என்று அதிகாரிகளுக்குத் தோன்றியது. திருகோணமலையில் பிராந்தியத் தலைமைத்துவ மாநாடு ஒன்று வரவிருந்தது. வர்த்தகத் தலைவர்களும் சமூகத் தலைவர்களும் பேசுவார்கள். பொறுப்பான அதிகாரியும் முன்வரிசையில் இருப்பார். பின்னேர அமர்வில் கரையோரச் சமூகத்தின் சார்பில் ஒருவர் ஐந்து நிமிடம் பேசினால் அதுவே கருத்துக் கேட்டதாகும். எதிர்ப்பு என்று ஒரு சொல் அங்கே விழுந்தால் விண்ணப்பக் கோவை திரும்பிக் கொழும்புக்குப் போகும். விழாவிட்டால் கரையில் வேலி எழும்.

ஸப்வானே பேசியிருக்கலாம். ஆனால் முந்திய ஒரு சந்திப்பில் அவர் வலைக்கயிற்றைத் தோளில் சுமந்துபோய் அதிகாரியின் மேசையில் போட்டு, "இந்த அறைக்குள்ள இழுத்துக் காட்டுங்க சேர், பாப்பம்" என்றிருந்தார். அதன் பிறகு எந்தப் பட்டியலிலும் அவருடைய பெயர் நிற்பதில்லை. ஒலிவாங்கியின் முன் கால் நடுங்காத ஒரே ஆள் அபூதாஹிர்.

"காக்கா, நீங்க பெரிசாக் கதைக்கத் தேவையில்ல," என்றார் ஸப்வான், கடை வாசலில் நின்று. "ஒரு சொல்லுதான். பாட்டைத் தர ஏலாது. சொல்லிப்போட்டு இறங்கி வாங்க."

"சபையை விளிக்காம எப்படி ஸப்வான்?"

"விளிங்க. நல்லா விளிங்க. விளிச்சிட்டு ஏலாதெண்டு சொல்லுங்க."

உள்ளே நூல் நிறுத்துக்கொண்டிருந்த றுக்கியா தலையை உயர்த்தவில்லை. "கலியாணம் முடிச்ச நாளையில இருந்து இந்த மனிசன் எனக்கு ஒருக்காலும் ஏலாதெண்டு சொன்னதில்ல. நான் கேட்டதில ஒண்டும் செஞ்சதுமில்ல."

"அப்ப நீங்களே பழக்கி விடுங்க மச்சி."

றுக்கியா பழக்கினார். இரவுச் சாப்பாட்டுக்கு முன், கையில் அகப்பையோடு, அவரே கம்பனியாக நின்று கேட்டார்: "பாட்டைத் தாறீங்களா?"

"மன்னிக்கணும், ஏலாது."

"மன்னிக்கணும் வேணாம்."

"சரி. நன்றி."

றுக்கியா அகப்பையை வைத்துவிட்டுச் சோற்றைப் போட்டார்.

மாநாடு கடலைப் பார்த்த ஒரு விடுதி மண்டபத்தில் நடந்தது. யன்னல் சீலைகள் எல்லாம் இழுத்து மூடப்பட்டிருந்தன, சுவரில் காட்டிய கடற்கரைப் படங்கள் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதற்காக. தொனிப்பொருள் 'செவிமடுக்கும் தலைமை'. செவிமடுப்பதைப் பற்றி முதலில் பேசிய வர்த்தகப் பிரமுகர் தனக்குத் தந்த நேரத்தைப்போல் மூன்று மடங்கு பேசினார். மற்றவர்கள் பேசியபோது வெளியே நின்று தொலைபேசியில் பேசினார். தோப்பூரிலிருந்து வந்த அரிசி ஆலைக்காரர், தோல்விகளிலிருந்து தான் கற்றவற்றை உருக்கமாகச் சொன்னார். தோற்றவர்கள் அவருடைய பங்காளிகள். ஒரு பெண் விரிவுரையாளர், தலைவர்கள் அதிகமாகிவிட்டார்கள், பின்னால் வருவதற்குத்தான் ஆள் இல்லை என்ற பொருளில் ஏதோ சொன்னார். எல்லாரும் கைதட்டி அதை எழுதிக்கொண்டார்கள்.

கழுத்தில் தொங்கவிடும் அட்டை ஸப்வானுக்குக் கிடைக்கவில்லை. மண்டபத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே நடப்பது தெரியும், கேட்காது.

வாசலில் அபூதாஹிரை எதிர்கொண்டு ஸலாம் சொன்னவர் அர்ஷாக், அந்தக் கம்பனியின் முகாமையாளர். கொழும்புப் பிள்ளை, மகன் வயது. தேநீரைத் தானே கொண்டுவந்து கொடுத்தார். சீனி போதுமா என்று கேட்டார். மதியம் தொழுவதற்கு ஓர் அறையைத் துப்புரவாக்கிப் பாய் விரித்து வைத்திருந்தார். அங்கே இருவரும் ஒரே வரிசையில் தோளோடு தோள் நின்று தொழுதார்கள். தொழுது முடிந்து வெளியே வந்தபோது, குவியலில் கிடந்த அபூதாஹிரின் செருப்பைத் தேடி எடுத்து அவருடைய காலடியில் வைத்தார் அர்ஷாக்.

இது தந்திரம் என்றால் கதை இலேசாக இருந்திருக்கும். தந்திரம் அல்ல. அர்ஷாக் நல்ல பிள்ளை. பாட்டை எடுத்துக்கொள்வதும் நல்லது என்றே அவர் நம்பினார்.

பின்னேரம் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஆனந்தராசா, ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி, அபூதாஹிரை மேடைக்கு அழைத்தார். "எங்கட ஆளை உங்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கடைசியாப் பேசிறவர் இண்டைக்கு இடையில பேசப் போறார். பயப்பிடாதேங்கோ, கூட்டம் முடியேல்லை, ஒருத்தரும் எழும்பிப் போயிடாதேங்கோ!" சபை சிரித்தது. அபூதாஹிரும் சிரித்தார்.

அவர் சபையை விளித்தார். தலைவர், அதிகாரி, பிரமுகர்கள், உலமாக்கள், குருக்கள், தாய்மார்கள். ஒழுங்கு பிசகவில்லை. பிறகு வரவேண்டியது அந்த ஒரு சொல். ஆனால் விளித்து முடித்த அந்த வாய்க்கு அடுத்து என்ன என்பது முப்பது வருடப் பழக்கம்.

"இந்த அருமையான மாநாட்டை ஏற்பாடு செய்தவர்களுக்கு எமது மனமார்ந்த நன்றி. தேநீர் தந்து உபசரித்தவர்களுக்கு நன்றி. எமது கடமையை நிறைவேற்ற இடம் ஒதுக்கித் தந்த, எமது மண்ணுக்கு இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்திருக்கின்ற, தம்பி அர்ஷாக் அவர்களுக்கும் அவருடைய நிறுவனத்தாருக்கும் எமது கரையோர மக்களின் சார்பில்..."

அந்த வாக்கியத்தின் நடுவிலேயே தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கு விளங்கிவிட்டது. ஆனால் நடுவில் நிறுத்தப்பட்ட நன்றியுரையை அவர் வாழ்க்கையில் கண்டதில்லை. முடித்தார். நேரம் முடிந்த மணி அடித்தது. அவர் இறங்கவில்லை.

"ஒரேயொரு விசயம்..."

"சொல்லுங்கோ," என்றார் ஆனந்தராசா. "ஒரு நிமிசம் தரலாம்."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடிக் கதவில் ஸப்வானின் முகம் ஒட்டிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் அர்ஷாக் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தார். செருப்பை எடுத்து வைத்த கை அது.

"இந்த ஒரு நிமிடத்தைத் தந்தமைக்கும் நன்றி," என்றார் அபூதாஹிர்.

அன்றைய மாநாட்டில் அவ்வளவு கைதட்டல் வேறு யாருக்கும் கிடைக்கவில்லை.

வெளியே வந்தபோது ஸப்வான் இரண்டு பிளேன்டீயோடு நின்றார். "சொல்லிட்டீங்க என்ன காக்கா? முழுச் சனமும் கைதட்டினதே! அந்தக் கொழும்பான் எழும்பி நிண்டு தட்டினான். நான் நினைச்சன், இவனும் மனிசன்தான் எண்டு."

அபூதாஹிர் கோப்பையை வாங்கினார். குடிக்கவில்லை.

"என்ன சொன்னீங்க?"

"நன்றி சொல்லிட்டன் ஸப்வான்."

"அது பறவாயில்ல. அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகும்."

ஸப்வான் தன் கோப்பையை முழுதாகக் குடித்து முடித்தார். பிறகு ஓட்டோவைப் பிடித்தார். கிண்ணியாவில் இறங்கும்போது அபூதாஹிர் ஓட்டோக்காரனுக்கு நன்றி சொன்னார். ஸப்வான் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார்.

மாநாட்டு அறிக்கையில், கரையோரச் சமூகம் திட்டத்தை வரவேற்று நன்றி தெரிவித்ததாக வந்தது. பொய் என்று சொல்ல அதில் ஒரு சொல்லும் இல்லை. அபூதாஹிர் ஆனந்தராசாவின் வீட்டுக்குப் போய், அதைத் திருத்த வழியிருக்கிறதா என்று கேட்டார்.

"நீங்கள் எதிர்த்துப் பேசியிருந்தா, பிறகு ஆதரிக்கலாம். அதுக்கு இடமிருக்கு," என்றார் ஆனந்தராசா. அவரும் வருத்தத்தோடுதான் சொன்னார். "நன்றியை எப்பிடி அபூதாஹிர் வாபஸ் வாங்கிறது? நான் எத்தினை கூட்டம் நடத்தினனான். அப்பிடி ஒண்டு நடந்ததே இல்லை."

வேலி வந்தது. பச்சை நிறக் கம்பி, பார்க்க அழகானது, கடல் அதனூடாகத் தெரியும். ஸப்வானின் வலை அவருடைய வீட்டு முற்றத்தில் கிடந்தது. தோணியை வெருகல் பக்கம் ஒருவர் விலைக்கு எடுத்துப் போனார். இழுக்கும் ஆட்களில் சிலர் வேறு சம்மாட்டிமாரின் பாடுகளுக்குக் கூலிக்குப் போனார்கள். அங்கே ஏற்கனவே ஆள் அதிகம். அபூதாஹிரை யாரும் ஏசவில்லை. கூட்டங்களுக்கு அவரை அழைக்கத்தான் மறந்தார்கள். நன்றியுரை இல்லாமல் கூட்டங்கள் எப்போது முடிந்தன என்று தெரியாமல் சனம் ஒவ்வொருவராக எழும்பிப் போனது. கடைக்கும் ஆள் குறைந்தது. அது கோபத்தால் அல்ல. வலை இல்லாதவனுக்கு நூல் எதற்கு?

விடுதிக்கு அடிக்கல் நடும் நாள் வந்தபோது அர்ஷாக் தொலைபேசியில் அழைத்தார். நிகழ்வுக்கு நீங்கள் வரவேண்டும், நன்றியுரை உங்களுடையது, வேறு யாருக்கும் கொடுக்க எனக்கு மனம் இல்லை என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார்.

"ஏலாது," என்றார் அபூதாஹிர்.

மன்னிக்கணும் என்றில்லை; நன்றியும் இல்லை. உரத்த, தெளிவான குரல். தராசருகே நின்ற றுக்கியா திரும்பிப் பார்த்தார். அபூதாஹிர் தொலைபேசியை வைத்துவிட்டு, தனக்கே வியப்பாக, கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதைத்தான் அண்டைக்குச் சொல்லச் சொன்னது," என்றார் றுக்கியா. ஆனாலும் அன்று இறால் வாங்கினார்.

அடுத்த நாள் ஸப்வான் கடைக்கு வந்தார். மாநாட்டுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் மிதப்புகளைத் தடவிக்கொண்டு நின்றார்.

"காக்கா, வேலிக்குக் காவலுக்குக் கம்பனிக்காரன் ஆள் எடுக்கிறானாம். உள்ளூர் ஆக்களைத்தான் எடுப்பானாம்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். மூத்தவள் பஹ்மியாவும் படிக்கிறாள், மற்றதுகளும் இருக்கு. உங்களை அந்தத் தம்பிக்கு நல்ல விருப்பமெண்டு ஊரே கதைக்குது. நீங்க ஒரு சொல்லுச் சொன்னா..."

அபூதாஹிர் றுக்கியாவைப் பார்த்தார். றுக்கியா நூலைப் பார்த்தார். அர்ஷாக்கிடம் முதல் நாள் சொன்ன ஏலாதைப் பற்றி இருவரும் ஸப்வானிடம் ஒன்றும் சொல்லவில்லை.

"ஓம், கதைச்சுப் பாப்பம்," என்றார் அபூதாஹிர்.

நன்றியை வாபஸ் வாங்க வழியில்லை என்று ஆனந்தராசா சொன்னது சரி. ஏலாதை வாங்கலாம். ஒரு தொலைபேசி அழைப்புப் போதுமாக இருந்தது. அர்ஷாக் காரணம்கூடக் கேட்கவில்லை.

அடிக்கல் நாளில் மழை இல்லை. அபூதாஹிர் சபையை விளித்தார், ஒழுங்கு பிசகாமல். மழைக்கும் பந்தல்காரருக்கும் கம்பனிக்கும் நன்றி சொன்னார். இந்தக் கரையில் வலை இழுத்தவர்களுக்கும் நன்றி சொன்னார். வாசலில் புதிய நீலச் சட்டையில், தொப்பி சற்றுப் பெரிதாக, ஸப்வான் நின்றார். சபை கைதட்டியது. கடமையில் நிற்பவர்கள் கைதட்டக் கூடாது என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் தட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் றுக்கியா கேட்டார். "ஒருத்தரையும் விட்டுப்போடலயே?"

"இல்ல," என்றார் அபூதாஹிர். "எல்லாருக்கும் சொல்லிட்டன்."