கொள்முதல் நிலையத்தில் ஒரு சிம் கார்டு

“…ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரிய வெரட்டுன கதையால்ல இருக்கு! கம்பெனிக்காரன் விக்கும்போதே உள்ள வச்ச ஆப்புங்க எடத்தப் புடிச்சிக்கிச்சு. எனக்கு வர்ற மெசேஜுக்கு எடமில்லையாம். அதுங்கள அழிக்கவும் முடியலண்ணே.”

மன்னார்குடிக்குப் பக்கத்தில், நெல் கொள்முதல் நிலையத்து வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மா சொன்னது இது. ஐம்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை. நிமிஷத்துக்கொரு தரம் தன் குவியலிலிருந்து ஒரு நெல்லை எடுத்துக் கடித்து, ஈரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மேற்கே வானம் கறுத்துவிட்டது. “பதிவுக்கு ஒங்க போனுக்கு ஓடிபி வரலேன்னா அடுத்த ஆளக் கூப்புடுவேம்மா” என்றார் எழுத்தர். அடுத்த ஆள் நான். என் நெல்லும் வெட்டவெளியில்தான் கிடந்தது. மூடுவதற்குத் தார்ப்பாய்கூட இல்லை.

“அண்ணே, ஒங்க போனக் கொஞ்சம் குடுங்க. என் போனுல அந்தக் கம்பெனிக்காரன் சிம்மு மட்டுந்தான் போகும். அவன் சிம்மு ஒங்க போனுல போகும்ல?”

கொடுத்தால் இப்போது வரவிருக்கும் என் முறை தள்ளிப்போய்விடும். என் கை தயங்கியதை அவர் பார்த்துவிட்டார். கொடுத்தேன். தாலிச்சரட்டில் தொங்கிய ஊக்கால் சிம்மைக் குத்தி எடுத்து என் போனில் மாற்றினார். எழுத்தர் மறுபடி அனுப்ப, ஓடிபி வந்தது. அவருடைய மூட்டைகள் தராசுக்குப் போகத் தொடங்கின.

அவருடைய பாதி நெல் இன்னும் வெளியில் கிடக்கும்போதே தூறல் விழுந்தது. அந்த அம்மா சாக்குத் தைக்கிறவரின் கத்தியை வாங்கி, தன் புதுத் தார்ப்பாயை நடுவில் கிழித்து, ஒரு பாதியை என் நெல்லின்மேல் விரித்தார்.