பம்மலில் தைத்த வலையும் வடதுருவக் கடலும்

போன சனிக்கிழமை பம்மலிலிருந்து பள்ளிக்கரணை போனேன். பன்னிரண்டு கிலோமீட்டர்தான். வடதுருவக் கடலையே பார்த்துவிட்டு வந்த மாதிரி இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டு, ஸ்டெல்லா அக்காவின் பட்டறையில் தோல் பை தைக்கிறேன். பள்ளிக்கரணையில் ஒரு கடல் ஆய்வுக்கூடத்துக்கு வலையும் தைக்கிறோம். நீரோட்டத்தோடு மிதக்கும் பொடி உயிர்களைப் பிடிக்கும் வலை. போன வருடம் நான் தைத்தது ஆர்க்டிக் என்ற வடதுருவக் கடலுக்குப் போய்வந்தது. இரண்டாவதைக் கொடுக்க என்னையும் வரச் சொன்னார்கள். சரியாக இருந்தால்தான் கப்பல் ஏறும்.

பல்லாவரம் வரை ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். டிரைவர் அண்ணா என் மடியைப் பார்த்து, "இன்னா பாப்பா, கொசுவலையா?" என்றார். ஆர்க்டிக் போகிறது என்றார் அக்கா.

"அவ்ளோ தூரம் போவுது, என் வண்டிக்கு மட்டும் இருபது ரூபாதானா?"

அங்கிருந்து ரேடியல் ரோடு வழியாகப் பஸ். சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம்.

ஆய்வுக்கூட மேடம் வலைக்குள் கைவிட்டுத் தையலைத் தடவினார். முகம் மாறியது. பையில் தையல் மடிப்பை உள்ளே மறைப்பதுதான் எங்கள் வழக்கம். வலையையும் அப்படியே தைத்திருந்தேன்.

"மடிப்புல உயிருங்க மாட்டிக்குதும்மா. ஒரு இடத்துல பிடிச்சது அடுத்த இடத்துக் கணக்குல விழுந்துடும்."

வலை இறக்கும் இடத்திலெல்லாம் தண்ணீரின் வெப்பத்தையும் அளக்கிறார்கள். கடல் சூடேறினால் கொழுத்த உயிர்கள் குறைந்து, தெற்கிலிருந்து மெலிந்தவை வருமாம். எது எங்கே இருந்தது என்று குழம்பினால் அத்தனை உழைப்பும் வீண்.

பிறகு ஆர்க்டிக்கில் பிடித்து வந்த ஒன்றை மைக்ரோஸ்கோப்பில் காட்டினார். அரிசியைவிடச் சின்னது. கண்ணாடி உடம்பு, நீண்ட மீசைகள், நடுவில் எண்ணெய். அந்த எண்ணெயிலேயே இருட்டுக் குளிர்காலம் முழுக்க உயிரோடு கிடக்குமாம். திமிங்கிலம்கூட இதைத் தின்னுமாம். பின்னால் ஆள் நின்ற கூச்சத்தில் உடனே விலகிவிட்டேன்.

திருப்பி எடுத்துப்போக அக்கா வலையைச் சுருட்டத் தொடங்கியிருந்தார். அப்போதுதான் வாய் திறந்தேன்.

"வலையைத் திருப்பிப் போட்டா மடிப்பு வெளிய வந்துடும் மேடம். வலை வாயைச் சுத்தித் தைச்ச துணிய மட்டும் பிரிச்சு மாத்தித் தைச்சுத் தரேன்."

மேடம் திருப்பிப் பார்த்தார். "செவ்வாய்க்குள்ள முடியுமா?"

"முடியும். மைக்ரோஸ்கோப்புல இன்னொரு வாட்டி பார்க்கட்டுமா?"

போக நினைப்பவர்களுக்கு: முன்அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அடையாள அட்டை வேண்டும். திரும்பும்போது சதுப்பு நிலத்தைப் பார்க்கச் சன்னலோரம் பிடியுங்கள். முக்கியமாக, மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னால், பின்னால் ஆள் நிற்கிறாரே என்று அவசரப்படாதீர்கள். இரண்டாம் முறை பார்த்தபோதுதான் எனக்கு அந்த உயிரின் காலில் ஒரு நீல இழை தெரிந்தது. போன வருட வலைக்குப் பம்மல் கடையில் நான் வாங்கிய நூல்.