பாப்பாவின் வெந்நீர்

பாலியஸ்டர் துணி உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். சொட்டுகிற துளி ஒரு நொடி நீலமாக எரிந்துவிட்டுக் கறுத்துப் போகும். பெங்களூர் ஈஜிபுராவில் எங்கள் வரிசை வீடுகளுக்கு நடுவே இருந்த சந்தில், வெந்நீர் அண்டாவுக்கு அடியில் அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டேதான் நான் தினமும் பல் தேய்த்தேன். அந்த நாற்றம் எங்கள் யூனிஃபார்மில் இருந்தது, சாப்பிடுகிற தட்டில் இருந்தது. நாற்றம் என்றே எங்களுக்குத் தெரியாது. விடிந்தால் அப்படித்தான் வாசம் வரும் என்று நினைத்திருந்தோம்.

அந்த வரிசையில் முக்கால்வாசிப் பெண்கள் கார்மென்ட்ஸுக்குப் போகிறவர்கள். கம்பெனி வாசலில் மூட்டையாகக் கொட்டிவிடுகிற கட்டிங் வேஸ்டை, வெட்டி மிஞ்சிய துண்டுத் துணிகளை, வரும்போது அள்ளிக்கொண்டு வருவார்கள். கேஸ் சமையலுக்கே பார்த்துப் பார்த்துச் செலவு செய்கிற வீடுகள். அதில் குளிக்கத் தண்ணீர் காயவைத்தால் ஊரே சிரிக்கும். ஹீட்டர் போடலாம் என்றால், மீட்டர் ஓடுகிறது என்று ஓனர் வந்து கத்துவார். பெங்களூர்க் குளிரில் பச்சைத்தண்ணீரில் குளிக்க முடியுமா? ஆகவே துணி எரிந்தது.

எதிர்வீட்டு அக்கா திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். அவருடைய நான்கு வயதுப் பெண்ணை எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். பாப்பாவுக்கு மூச்சு இழுக்கும். இழுக்கும்போது தொண்டைக்குக் கீழே குழி விழும், நெஞ்சுக்குள் விசில் கேட்கும். மற்ற நேரங்களில் வாய் ஓயாது. ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறி நின்றுகொண்டு, ஸ்கூலுக்குப் போகிற எங்களை ஒவ்வொருவராக வம்புக்கு இழுப்பாள். என் எண்ணெய் வழிந்த தலையைப் பார்த்து, "அக்கா, உன் தலையில வடை சுடலாமா?" என்று கேட்ட வாய் அது. அந்த வீட்டுக்கு இருந்தது அந்த ஒரே ஜன்னல். அண்டா அதற்கு நேர் கீழே இருந்தது.

தர்ம ஆஸ்பத்திரியில் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்த டாக்டர், "மகுன தண்டிகெ பிடபேடிம்மா" என்றாராம். குழந்தையைக் குளிரில் விடாதீர்கள் என்று கன்னடத்தில் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை அக்கா சாமி வாக்கு மாதிரி பிடித்துக்கொண்டார். வரிசையில் நிற்கிற அத்தனை கும்பலில், வீட்டில் என்ன எரிக்கிறீர்கள் என்று கேட்க டாக்டருக்கு எங்கே நேரம்? அன்றிலிருந்து குளிரோடு அக்காவுக்குச் சண்டை. பாப்பாவுக்குக் குல்லா, கால்களுக்கு சாக்ஸ், சாத்திய கதவு. குளிக்க வெந்நீர், கை கழுவ வெந்நீர், ஆவி பிடிக்க வெந்நீர். மற்றவர்களின் அடுப்பெல்லாம் அணைந்த பிறகும் அக்காவின் அண்டா மதியம் வரை கொதித்துக்கொண்டே இருக்கும்.

தெரு சும்மா இருக்குமா? ஒரு குடம் தண்ணீருக்கு முடியைப் பிடித்துக்கொள்கிற எங்கள் வரிசை, அந்தத் துணி விஷயத்தில் மட்டும் கர்ணனாகிவிட்டது. ஆளுக்கொரு மூட்டை அக்கா வாசலில் வைத்துவிட்டுத்தான் தங்கள் வீட்டுக்குள் நுழைவார்கள். "மொதல்ல பாப்பாவுக்கு, அப்புறம்தான் நமக்கு" என்பாள் அம்மா. நல்ல தடித்த துணியாக, நின்று எரிகிறதாகப் பொறுக்கி எடுத்துக் கொடுப்பாள். அவ்வளவு பிரியம்!

ஒரு மார்கழிக் காலையில் பாப்பாவின் உதடு நீலமாகிவிட்டது. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதே ஆட்டோவில் திரும்பி வந்தார்கள். பனிதான் கொண்டுபோய்விட்டது என்று எல்லோரும் அழுதார்கள். அக்கா மட்டும், "காலைல தண்ணி ஆறிப்போச்சு, நான் பாக்கல, ஆறிப்போச்சு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு அபார்ட்மென்ட் இருந்தது. அங்கே இருந்த குழந்தைகள் மேலும் அதே பனிதான் பெய்தது. அவர்கள் ஸ்வெட்டர்கூடப் போடாமல் சைக்கிள் ஓட்டினார்கள். இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. நர்ஸிங் படிக்கும்போது, குழந்தைகளின் மூச்சுக்குழாயைப் புகை என்ன செய்யும் என்று மிஸ் பாடம் நடத்தினார். என் கண் முன்னால் அந்த ஜன்னல் வந்து நின்றது. வகுப்பை விட்டு வெளியே போய் வாந்தி எடுத்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். பிறகு, "இத அவகிட்ட மட்டும் சொல்லித் தொலைக்காத, செத்துடுவா" என்றாள். நான் சொல்லவில்லை. இன்று குழந்தைகள் வார்டில் வேலை செய்கிறேன். மூச்சிழுப்போடு ஒரு பிள்ளை வந்தால், அதன் அம்மாவிடம் நான் முதலில் கேட்பது எதில் தண்ணீர் காயவைக்கிறீர்கள் என்றுதான்.

போன மாதம் அக்கா போன் செய்தார். பாப்பாவுக்குப் பிறகு பிறந்த மகனுக்கு இப்போது ஒரு குழந்தை; அதற்கும் இழுக்கிறதாம். போனேன். சந்து அப்படியே இருந்தது. அண்டா மட்டும் இப்போது அலுமினியமாகியிருந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு பெருமையாகச் சொன்னார். "இந்தத் தடவ ஏமாற மாட்டேன் கண்ணு. வெந்நி ஆறவே உடல."

அடுப்பைப் பார்த்தேன்; அதே துணிதான் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே குழந்தையின் விசில் கேட்டது. அம்மா சொன்னதும் காதில் கேட்டது. ஆனால் உள்ளே இருப்பது ஒரு உயிர். "அக்கா, குளிரு ஒண்ணும் பண்ணாது. இந்தப் பொகதான் ஆகாது. இத எரிக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன்.

அக்காவின் பிடி தளர்ந்தது. "அப்ப அவளுக்கு?"

"அவளுக்கு வேற வியாதிக்கா. இது வேற." இத்தனை வருடம் வார்டில் ஆறுதலுக்குப் பொய் சொல்லிப் பழகிய எனக்கே குரல் பிசிறியது.

அக்கா ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றினார். ஜன்னலடியில் அடுக்கியிருந்த துணி மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டுபோய், குப்பை வண்டிக்கென்று சந்து முனையில் போட்டார். பக்கத்து வீட்டுப் பெண் இடுப்பில் குழந்தையோடு எட்டிப் பார்த்தாள். "ஏன்க்கா தூக்கிப் போடறீங்க? வேணாம்னா எனக்குக் குடுங்க, புள்ளைக்குத் தண்ணி காய வெப்பேன்."

அக்கா கடைசி மூட்டையை விடாமல் பிடித்தபடி நின்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"வேணாம்மா. இந்தப் பொகையிலதான் எம் பொண்ணு போனா."